கூழ் ஒரு திரவம் என்ற தீர்மானம்

கனடாவில் தமிழர்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்வதென்றால் முதலில் யாப்பு, அதாவது சட்டதிட்டம், எழுத வேண்டும். பிறகு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு போசகர், ஒரு மலர்க்குழு. காரியம் கடைசியில் வரும். சில வேளை வராமலும் போகும். சாப்பிடாமல் இருப்பது என்பது ஒன்றும் செய்யாமலே செய்யக்கூடிய காரியம். அதற்கும் ஸ்காபரோவில் முப்பத்துநான்கு பக்க யாப்பு எழுதினார்கள். 'நினிவே நோன்பு இயக்கம் – கனடா' அப்படித்தான் பிறந்தது.

யோனா என்ற இறைவாக்கினர் நினிவே நகருக்குப் போய், நாற்பது நாளில் இந்த ஊர் அழியப்போகிறது என்று சொன்னதும், அரசன் முதல் ஆடுமாடு வரை சாக்கு உடுத்திப் பட்டினி கிடந்து தப்பிக்கொண்டார்கள் என்பது பழைய கதை. அந்த நகரத்தில் யாப்பு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. அதை ஒரு நிர்வாகக் குறைபாடாகவே இயக்கத்தின் தலைவர் கிளிபோட் கருதினார்.

கிளிபோட்டுக்கு மோர்னிங்சைட்டில் ஒரு சாப்பாட்டுக்கடை. முன்பக்கம் இடியப்பமும் றோலும் விற்கும். பின்பக்கக் குசினியில் ஐந்து பெண்கள் காலை ஆறு மணியிலிருந்து நின்றபடியே வேலை செய்வார்கள். அவர்களில் மூத்தவள் அன்ரனெற். ஊர் பாசையூர், வயது ஐம்பத்தேழு, பதினொரு வருடமாக அதே மேசை, அதே கத்தி. அவளுக்குச் சீனி வருத்தம் இருந்தது. காலையில் ஊசி போட்டுக்கொண்டு வருவாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வயிற்றுக்குள் ஏதாவது போகாவிட்டால் சீனி இறங்கி, கை நடுங்கி, கண் இருண்டுவிடும். ஒரு தடவை நினைவு தப்பி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அதனால் பன்னிரண்டு மணிக்குக் கிடைக்கிற அரை மணித்தியால இடைவேளையை நம்பித்தான் அவள் அந்த வேலைக்கே போய்வந்தாள்.

விபூதிப் புதனன்று குசினியின் குளிர்சாதனப்பெட்டியில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. 'தவக்காலத்தை முன்னிட்டு மதிய இடைவேளை மௌனத் தியானமாக மாற்றப்படுகிறது. தியானம் உள்ளத்தில் நடைபெறுவதால் கைகள் வேலையைத் தொடரலாம்.'

அன்ரனெற் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"உதென்ன பிள்ளை, சாப்பாடு இல்லையெண்டே போட்டிருக்கினம்?" என்று பக்கத்து மேசை வேரோனிக்காவைக் கேட்டாள்.

"சாப்பாட்டைப் பற்றி ஒண்டும் போடேல்லை அக்கா. அதுதான் எனக்குப் பயமாக்கிடக்கு."

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமைப் பூசையில் இறைவாக்கினர் எசாயாவின் வாசகம் வந்தது. நோன்பு என்று தலையை நாணல்போலக் குனிந்துகொண்டு, அதே நாளில் வேலையாட்களைப் பிழிந்தெடுக்கிறீர்கள், இதையா நான் கேட்டேன், பசித்தவனுக்கு உன் பாணைப் பிய்த்துக் கொடு, அதுவல்லவோ நோன்பு என்று கடவுள் கோபிக்கிற இடம். அன்ரனெற் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு வாங்கு முன்னால் கிளிபோட் இருந்தார். வாசகம் முழுவதையும் தொலைபேசியில் பதிவுசெய்துகொண்டு, ஒவ்வொரு வரிக்கும் ஓம் ஓம் என்று தலையை ஆட்டினார். மனுசனுக்கு விளங்கிவிட்டது, திங்கட்கிழமை இடைவேளை திரும்பி வந்துவிடும் என்று அவள் சந்தோசத்துடன் வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை வந்தது உபகுழுக்கள்தான். இறைவாக்கினர் ஒவ்வொருவருக்கும் ஓர் உபகுழு. யோனா உபகுழு வீட்டு மிருகங்களின் நோன்பைக் கண்காணித்தது. முதல் வாரத்திலேயே ஒரு பூனையை எச்சரித்தது. கனடாவில் அரிசி பிளாஸ்ரிக் பையில் வருவதால் சாக்குத்துணியை வெளியிலிருந்து எடுப்பித்து, உள்ளே பட்டு வைத்து, அளவெடுத்துத் தைக்கவும் அதே உபகுழு ஒழுங்கு செய்தது. உடையையல்ல, இதயத்தைக் கிழியுங்கள் என்று சொன்ன யோவேலுக்கு இன்னோர் உபகுழு. அவர்கள் சிவப்பு வெல்வெற் துணியில் இதயங்கள் செய்வித்தார்கள். நடுவில் ஒட்டி எடுக்கிற பட்டி வைத்திருந்தபடியால் ஒரே இதயத்தை எத்தனை தரமும் கிழிக்கலாம். எசாயா உபகுழு மட்டும் ஒரே கூட்டத்துடன் கலைக்கப்பட்டது. 'நோன்பு பற்றிப் பேசத் தொடங்கும் இவர், இடையில் பசித்தவன், வீடற்றவன், வேலையாள் என்று வேறு விடயங்களுக்குள் போய்விடுகிறார். தலைப்பைவிட்டு விலகியமையால் இவரது கருத்துகளை இயக்கம் கவனத்தில் எடுக்கவில்லை' என்று அறிக்கை சொல்லிற்று.

விடிந்ததிலிருந்து பொழுது படும்வரை திரவம் மட்டும், இதுதான் நோன்பின் ஒரே விதி. முதல் இரண்டு நாளும் நிர்வாகக்குழு தேத்தண்ணீரில் சீவித்தது. மூன்றாம் நாள் அவசரக் கூட்டம் கூடியது. ஒடியற்கூழ் திரவமா, உணவா என்பது விவாதப் பொருள். பனங்கிழங்கு மாவில் நண்டு, றால், கணவாய், மீன்தலை, மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் போட்டுக் காய்ச்சுவதுதான் கூழ். ஆனாலும் அதைக் குடிக்கிறோம் என்றுதானே சொல்கிறோம், சாப்பிடுகிறோம் என்று ஒருவரும் சொல்வதில்லையே என்று கிளிபோட் கேட்டார். மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு செயலாளர் றோய் ஒரு பரிசோதனையை முன்மொழிந்தார். பபிள் ரீ உறிஞ்சிக் குடிக்கிற தடித்த குழாயான ஸ்ரோ ஒன்றினுள் ஏறக்கூடிய எதுவும் திரவம். ஏறாதது உணவு. தீர்மானம் கைதட்டலுடன் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த மூன்று பேர் மார்க்கம் நகருக்குப் போய் 'அசல் நினிவே நோன்பு இயக்கம்' என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள்.

தீர்மானம் போடுவது சுகம். அந்த நண்டையும் றாலையும் ஸ்ரோவுக்குள் ஏறுகிற அளவுக்கு வெட்டுவது யார்? கிளிபோட்டின் குசினியில் ஒரு நாளைக்கு நூற்றிருபது பேருக்குக் கூழ் காய்ச்சப்பட்டது. மேசைக்கு ஒரு ஸ்ரோ கொடுத்திருந்தார்கள். அன்ரனெற் ஒவ்வொரு றால் துண்டையும் அதற்குள் விட்டுப் பார்த்து, இறுகினால் திரும்ப வெட்டினாள். பன்னிரண்டு மணிக்குத் தியானம் தொடங்கும்; கை வெட்டிக்கொண்டே இருக்கும். கழுவுமிடத்துக்குப் போகிற சாட்டில் இரண்டு விசுக்கோத்தை வாய்க்குள் திணித்துக்கொண்டு வருவாள். பதினொரு வருடம் உழைத்த இடத்தில் கள்ளிபோல விசுக்கோத்துத் தின்ன வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமும் ஆத்திரமுமாக இருந்தது.

இரண்டாம் கிழமை அவள் கிளிபோட்டின் அறைக்குப் போனாள். கிளிபோட் ஸ்ரோவும் கையுமாக இருந்தார்.

"கிளிபோட் அண்ணை, எனக்குச் சீனி. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடாட்டி விழுந்துபோவன். அந்த அரை மணித்தியாலத்தைத் தாங்கோ."

கிளிபோட் ஒரு மிடறு உறிஞ்சினார். ஏதோ துண்டு தொண்டையில் நின்று இறங்கியது.

"அன்ரனெற், நான் உமக்கு மோட்சத்தில இடம் பிடிச்சுத் தாறன், நீர் என்னட்டைப் பாண் கேக்கிறீர். எத்தினை முதலாளிமார் தங்கட வேலையாக்களின்ர ஆத்துமத்தைப் பற்றிக் கவலைப்படுகினம், சொல்லும் பாப்பம்? பிறம்ரன் வெயார்ஹவுசுகளில போய்ப் பாரும். அங்க மனுசரைச் சாப்பிட விட்டிட்டு அப்படியே நரகத்துக்கு அனுப்புறாங்கள். நான் அப்படிச் செய்யமாட்டன்."

"விழுந்து செத்துப்போனனெண்டா அண்ணை?"

"தவக்காலத்தில செத்தா நேரே மேலதானே. நீர் ஏன் யோசிக்கிறீர்? சரி, விதிவிலக்கு வேணுமெண்டா றோயிட்டை ஒரு போர்ம் இருக்கு."

றோய் முன்பக்கம் ஒரு சிறு மேசையில் இயக்கத்தின் கோப்புகளுடன் இருந்தார். ஒல்லியான, ஒழுங்கான மனிதர். பேனை மூடியைக்கூட நேராகத்தான் வைப்பார்.

"அக்கா, இது நோன்பிலிருந்து விதிவிலக்குக் கேக்கிற போர்ம். நோன்பிருக்கிற உறுப்பினர் மட்டும்தான் நிரப்பலாம். நீங்கள் உறுப்பினரோ?"

"இல்லைத் தம்பி."

"அப்ப நீங்கள் நோன்பிருக்கேல்லை."

"நான் விடிய அஞ்சு மணிக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடேல்லை, றோய்."

"அது வேற அக்கா. நீங்கள் சாப்பிடேல்லை, அவ்வளவுதான். நோன்பிருக்கேல்லை. இருக்காத நோன்பிலிருந்து உங்களுக்கு எப்பிடி விலக்குத் தாறது?" றோய்க்கு உண்மையிலேயே மனவருத்தம். "உறுப்பினரா சேரலாம். அதுக்கு ஏற்கெனவே நோன்பிருக்கிற ரெண்டு பேர் உங்களை முன்மொழியவேணும். விண்ணப்பங்களை உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான் பரிசீலிப்பம்."

இதற்கிடையில் மார்க்கத்திலிருந்து ஒரு செய்தி இடிபோல வந்தது. அசல் நினிவே இயக்கத்தில் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். படம் எல்லாருடைய தொலைபேசியிலும் சுற்றியது. மயங்கியவர் உடல் மெலிந்து, வாய் பிளந்து, பார்க்கவே பக்தியாகக் கிடந்தார். பிற்பாடு அவர் நித்திரைதான் கொண்டார் என்று ஒரு கதை வந்தது. ஆனால் அதற்குள் எட்டுக் குடும்பங்கள் கட்சி மாறிவிட்டன. கிளிபோட் நிர்வாகக்குழுவைக் கூட்டி, "எங்களிட்டை ஏன் ஒருத்தரும் விழேல்லை?" என்று மேசையில் அடித்தார். தவக்காலம் தொடங்கியதிலிருந்து குழுவுக்குச் சராசரி இரண்டு கிலோ கூடியிருந்தது.

மூன்றாம் சனிக்கிழமை பிற்பகல் ஒரு விருந்து மண்டபத்தில் இதயம் கிழிக்கும் விழா நடந்தது. மங்கல விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைவருரை, சாக்குடை அணிந்த சிறுமியரின் வரவேற்பு நடனம். மண்டபம் நிறைந்த சனம், ஆளுக்கொரு ஸ்ரோ. பிரதம விருந்தினர் பஸ்ரியன் வீடு விற்கிற முகவர். ஸ்காபரோவின் பாதி பஸ் தரிப்பிடங்களில் அவர் சிரித்துக்கொண்டிருப்பார். மேடையில் சிவப்பு இதயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதே சிரிப்புடன் நின்றார்.

மண்டபத்தின் பின்பக்கம் நான்கு கிடாரம் கூழ். அகப்பையுடன் அன்ரனெற், பக்கத்தில் வேரோனிக்கா. மணி இரண்டேகால். அன்ரனெற் காலை ஐந்து மணிக்கு ஒரு துண்டுப் பாண் தின்றவள். அன்றைக்கு விசுக்கோத்துக்கும் வழியில்லை. நூற்றுப் பத்தாவது கோப்பையை வார்க்கும்போது கோப்பை இரண்டாகத் தெரிந்தது. வேரோனிக்கா என்று கூப்பிட நினைத்தாள், நாக்குப் புரளவில்லை. அகப்பை விழுந்த சத்தம் மேடைவரை கேட்டது.

"ஒருத்தரும் பதறவேண்டாம்!" கிளிபோட் ஒலிவாங்கியைப் பறித்துக்கொண்டார். அவருடைய குரல் சந்தோசத்தில் உடைந்தது. "இயக்கத்தின்ர முதலாவது மயக்கம்! தண்ணி தெளிக்கவேண்டாம், தண்ணி தெளிக்கவேண்டாம், படம் எடுத்தாப் பிறகு தெளிக்கலாம்!"

நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில் பிரதம விருந்தினரின் கதிரையில் இருத்தினார்கள். யாரோ அவளுடைய மேலங்கியில் ஒரு வெல்வெற் இதயத்தைக் குத்தினார்கள். றோய் தலைவரின் காதருகே குனிந்து, இவ உறுப்பினர் இல்லை என்றார். அப்ப இப்பவே உறுப்பினராக்கும் என்றார் தலைவர். றோய் ஒரு போர்மைக் கொண்டுவந்து, அவளுடைய விரல்களுக்குள் பேனையைச் சொருகி, விபூதிப் புதன் திகதியிட்டுக் கையெழுத்து வாங்கினார். கையெழுத்து ஒரு கோடாகத்தான் விழுந்தது. பஸ்ரியன் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"சீனி இறங்கிப்போச்சு," அன்ரனெற் முனகினாள். "இனிப்பா ஏதாவது தாங்கோ."

"அக்கா, இப்ப சாப்பிட்டீங்களெண்டா நோன்பு முறிஞ்சுபோம்," றோய் கெஞ்சினார். "மயக்கமும் செல்லாமப் போயிடும். நன்றியுரை வரைக்கும் பொறுங்கோ. எட்டுப் பேச்சுத்தான் இருக்கு."

"அப்ப கூழைத் தாருமன். அது திரவந்தானே?"

றோய் யோசித்தார். நியாயமான கேள்வி. மண்டபம் முழுக்க விசாரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஸ்ரோ முடிந்துவிட்டது. ஸ்ரோ இல்லாமல் குடித்தால் கூழ் உணவாகிவிடும் என்பது அவர் தானே எழுதிய விதி.

கிளிபோட் பேசத் தொடங்கினார்.

"அன்பானவர்களே! நானும் பதினெட்டு நாளா நோன்பிருக்கிறன். உண்மையைச் சொல்லுறன், எனக்கு மூண்டு கிலோ கூடினதுதான் மிச்சம். ஆனா இந்தச் சகோதரியைப் பாருங்கோ! என்ர குசினியில ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் நிண்டு, நாங்கள் குடிக்கிற ஒவ்வொரு றாலையும் தன்ர கையால அளந்து வெட்டி, தான் ஒரு துண்டு வாயில வைக்காம... இதை ஆரால செய்ய ஏலும்? என்னால ஏலாது. உங்களால ஏலாது. போன கிழமை என்னட்டை வந்து, அண்ணை, சாப்பிட நேரம் தாங்கோ எண்டு கண்கலங்கிக் கேட்டவ. நான் குடுத்தனோ? குடுக்கேல்லை! குடுத்திருந்தா இண்டைக்கு இந்த மேடையில இவ இருந்திருப்பாவோ?"

கைதட்டல் எழுந்தது. "அவவுக்கு ஏதாவது குடுங்கோவன், செத்துப்போகப்போறா!" என்று பின்னாலிருந்து வேரோனிக்கா கத்தினாள். அதையும் வாழ்த்து என்று நினைத்துச் சனம் இன்னொரு தரம் தட்டியது.

அன்ரனெற்றுக்குப் பயம் பிடித்தது. இந்த மேடையில், பொன்னாடையோடு, இத்தனை சனம் கைதட்டிக்கொண்டிருக்கவே தான் செத்துப்போகப் போகிறேன் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. கதிரையின் கையைப் பிடித்து எழும்பினாள். படியில் குந்திக் குந்தி இறங்கினாள். பொன்னாடை தரையில் இழுபட்டு வர, நடுவால் நடந்து கிடாரத்தடிக்குப் போனாள். ஆசீர்வாதம் பெற என்று இரண்டு பேர் வழியில் எழுந்து நின்றார்கள். அவள் அகப்பையை விட்டு அடியில் துழாவி, மரவள்ளியும் பலாக்கொட்டையும் நண்டுக்காலுமாக அள்ளி அப்படியே வாயில் வைத்தாள்.

நண்டுக்கால் அவளுடைய பல்லுக்குள் நொறுங்கிய சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டது.

"அவ சப்பிறா!" என்று ஒரு குரல் வந்தது.

"சப்பினா அது திரவமில்லை!"

"அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் குடிச்சது?"

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டவரை முன்வரிசைக்காரர் ஒருவர் சட்டையில் பிடித்தார். அவரை விடச் சொல்லி இன்னொருவர் தள்ளினார். வெல்வெற் இதயங்கள் சில தாமாகவே கிழிந்தன. அன்ரனெற் இரண்டாவது அகப்பையும் சாப்பிட்டு, மூன்றாவதும் சாப்பிட்டு, கிடாரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வேரோனிக்கா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். மேடையில் பஸ்ரியன் இதயத்தைப் பிடித்தபடியே நின்றார்.

"நான் இதைக் கிழிக்கவோ, விடவோ?" என்று கேட்டார்.

அன்றைக்கே நிர்வாகக்குழு கூடியது. திங்கட்கிழமை காலை றோய் குசினிக்கு வந்து, ஒரு கடிதத்தை அன்ரனெற்றின் முன்னால் நின்றபடியே வாசித்தார். இயக்கத்தின் வரலாற்றில் நோன்பை முறித்த முதல் உறுப்பினர் அவள். பொன்னாடை மீளப் பெறப்படும். மயக்கம் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். யாப்பின் இருபத்தோராம் பிரிவின்படி நோன்பின் ஆன்மீகப் பயன்கள் யாவும் அவளிடமிருந்து பறிக்கப்படுகின்றன. 'ஆகையால் மௌனத் தியானத்தில் பங்குபற்றும் தகுதியை நீர் இழக்கின்றீர். தினமும் பன்னிரண்டு மணி தொடக்கம் பன்னிரண்டரை வரை வேலையை நிறுத்தி, ஏனையோர் பார்க்கத்தக்கதாகக் கதிரையில் அமர்ந்து, உணவு உண்ணக் கடவீர்.'

"திருப்பி ஒருக்கா வாசியும், றோய்," என்றாள் அன்ரனெற்.

றோய் வாசித்தார். "இதுக்கு மேல தண்டனை யாப்பில இல்லை அக்கா," என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். தண்டனை ஒழுங்காக நிறைவேறுகிறதா என்று பார்ப்பதற்கு அவர் ஒரு கொப்பியுடன் குசினி வாசலில் நின்றார்.

பன்னிரண்டு மணி. அன்ரனெற் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். றாத்தல் பாண் அரைவாசி, ஒரு டப்பாவில் சூடைமீன் குழம்பு. மூடியைத் திறந்ததும் குசினியில் கத்திகள் நின்றுவிட்டன. நாலு பெண்களும் பாணைத்தான் பார்த்தார்கள். அவளுக்குத் தனியாகச் சாப்பிட மனம் வரவில்லை.

வேரோனிக்கா மெதுவாகக் கேட்டாள். "அக்கா, உந்தத் தண்டனை எங்களுக்கும் கிடைக்கிறதெண்டா என்ன செய்யவேணும்?"

அன்ரனெற் பாணைப் பிய்த்தாள். குழம்பில் தோய்த்து நீட்டினாள். "இதைச் சாப்பிடு. மிச்சத்தை றோய் எழுதுவார்."

வேரோனிக்கா சாப்பிட்டாள். றோய் மணிக்கூட்டைப் பார்த்து, பன்னிரண்டு நாலு, வேரோனிக்கா என்று எழுதினார். அவள் உறுப்பினர் இல்லையே என்பது நினைவு வந்து, ஒரு போர்மை எடுத்து அவளை முதலில் சேர்த்துப் பிறகு நீக்கினார். அடுத்தவள் வந்தாள். பன்னிரண்டு ஏழு. அதற்கடுத்தவள். பன்னிரண்டு பத்தாகும்போது குசினி முழுவதும் சட்டப்படி நோன்பை முறித்திருந்தது. எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்தாள். பாண் சிறிய துண்டுகளாகத்தான் வந்தது. ஆனாலும் சிரிப்பு வந்தது.

றோய் வாசலிலேயே நின்றார். அன்ரனெற் அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள். காற்சட்டையை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். கன்னம் உள்ளே போயிருந்தது.

"தம்பி, நீர் கூழ் குடிக்கிறேல்லையோ?"

"எனக்கு நண்டு, றால் ஒத்துவராதக்கா. தடிச்சுப்போகும்."

"அப்ப உந்த இருபது நாளும்?"

"பச்சைத்தண்ணி. பொழுதுபட்டாப் பிறகு கொஞ்சம் கஞ்சி." றோய் தலையைக் குனிந்துகொண்டார். "ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை."

அன்ரனெற்றின் டப்பாவில் கடைசி மீனும், கையில் கடைசித் துண்டுப் பாணும் இருந்தன. அது அவளுக்கென்று வைத்திருந்த துண்டு. அதை இரண்டாகப் பிய்த்து, பெரிய பக்கத்தில் மீனை வைத்து, அவரிடம் நீட்டினாள்.

றோய் அதைப் பார்த்தார். பாணை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, கொப்பியைத் திறந்து, பன்னிரண்டு பதினாறு, றோய், செயலாளர் என்று தெளிவான கையெழுத்தில் எழுதினார். பிறகு பேனையை மூடிவைத்துவிட்டு அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.